டிராவலர் மாட்டிய இரண்டு பெட்டிகள்

‘டிசம்பர் 22, ஞாயிறு. ராஜபாளையம், அக்கா வீடு. மாலை 5.20. கொக்கியின் உயரம், தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து: என் பெட்டிகள் 8.5 மி.மீ. அத்தான் பெட்டிகள் 9.9 மி.மீ. வித்தியாசம் 1.4. டிராவலர் இரண்டு கோத்து இணைத்தோம். ஓடியது. கட்-அவுட் இரண்டு முறை விழுந்தது, இரண்டு முறையும் ஜன்னல் பக்க வளைவில். காரணம் தெரியவில்லை.’

இது என் நோட்டில் உள்ள குறிப்பு. கடைசி இரண்டு வார்த்தைகளுக்குக் கீழே மார்ச் மாதத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டேன். எழுதியதை அடிப்பதோ திருத்துவதோ என் வழக்கமில்லை. கோர்ட்டில் ரெக்கார்டு பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேதி, நேரம், இடம் போடாமல் எதையும் எழுதினால் எனக்குத் தூக்கம் வராது.

குறிப்பில் வரும் பெட்டிகள் பொம்மை ரயில் பெட்டிகள். நிஜப் பெட்டியில் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். என்னுடையவை ஒரு ஜெர்மன் கம்பெனியின் பழைய தயாரிப்பு. பெங்களூரில் ஒருவர் தன் சேகரிப்பைக் கலைத்தபோது தவணை தவணையாக வாங்கியவை. அத்தானுடையவை அமெரிக்கத் தயாரிப்பு. அவர் பட்டாளத்தில் இருந்தபோது பழகிய ஒருவர் அங்கே குடியேறி, வருடம் ஒன்றாக அனுப்பி வைத்தார். இரண்டும் ஒரே அளவு, ஒரே தண்டவாளத்தில் ஓடும். ஆனால் ஒன்றோடொன்று மாட்டாது. என் பெட்டியின் முனையில் கம்பி வளையம் ஒன்றும் அதன்மேல் விழும் கொக்கி ஒன்றும் இருக்கும். அத்தானின் பெட்டியில் மடக்கிய விரல் போல ஒரு துண்டு. இரண்டு விரல்கள் மோதினால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். வளையமும் விரலும் மோதினால் தள்ளிக்கொண்டு போகுமே தவிர, இழுத்தால் வராது.

அக்கா வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் பெரியது. முன்னறையில் பாதியை அடைத்துக்கொள்ளும். அதைச் சுற்றி ரயில் ஓட வேண்டும் என்பது நானும் அத்தானும் சேர்ந்து ஏற்படுத்திய வழக்கம். எட்டு வருடத்துக்கு முன்னால் அத்தான் என் பெட்டிகளின் வளையங்களை வெட்டிவிட்டு அவருடைய விரல்களைப் பொருத்தலாம் என்றார். ஒரு வளையத்தை வெட்டினால்கூட அது அந்தக் கம்பெனியின் பெட்டி இல்லை என்றேன்.

“மாப்ள, இது என்ன கோர்ட்டு ரெக்கார்டா, கை வைக்கப்படாதுங்கதுக்கு?” என்றார்.

அவருடைய விரல்களைக் கழற்றி வளையம் போடலாமே என்றதும் முகம் மாறிவிட்டது. அதன்பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். டிசம்பர் 24 முதல் 31 வரை என் ரயில். ஜனவரி 1 முதல் மூன்று ராஜாக்கள் திருநாள் வரை அவர் ரயில். இன்னொரு விதியும் இருந்தது: எவன் பெட்டி தடம் புரண்டதோ அவன்தான் எழுந்து போய் எடுத்து வைக்க வேண்டும். வருடத்தின் கடைசி நாளில் நான் என் பெட்டிகளைத் துணியில் சுற்றி அடுக்க, அவர் தன்னுடையவற்றைப் பிரிப்பார். அக்கா வாசற்படியில் நின்று, “டூட்டி மாத்துதாவ, எல்லாரும் சத்தம் போடாம இருங்க” என்பாள். அவர்களுக்குப் பிள்ளையில்லை. சத்தம் போட அந்த வீட்டில் எங்கள் இருவரையும் தவிர வேறு யாரும் இல்லை.

இரண்டு ரயிலையும் ஒன்றாக ஓட்டச் சொன்னது அக்காதான். டிசம்பர் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.

“முப்பத்தொம்பது வருசமா ரெண்டு வீட்டையும் நான் ஒருத்தி இழுத்துக்கிட்டுத் திரியேன். உங்க ரெண்டு பேராலயும் ரெண்டு பொட்டியச் சேக்க முடியல. ஒருத்தர் பட்டாளம், ஒருத்தன் கோர்ட்டு.”

விளக்கெரியும் பெட்டிகள் என்னிடம் நான்கு, அவரிடம் நான்கு. எட்டும் ஒரே வரிசையாக ஜன்னல் வெளிச்சத்தோடு குடிலைச் சுற்றி வரவேண்டும் என்பது அவள் கேட்டது. அந்த வருடம் அவளுக்கு உடம்பு அடிக்கடி சரியில்லாமல் போயிற்று. ஆகவே இரண்டு பேரும் மறுக்கவில்லை.

வெட்டாமல் இணைக்க வழி கண்டுபிடித்தது அத்தான். பட்டாளத்தில் இருந்து வந்தபின் அவர் இருபத்திரண்டு வருடம் நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தார். ரிங் ஃபிரேமில் நூலைப் பிடித்தபடி வளையத்தின்மேல் சுற்றி ஓடும் சிறு எஃகுத் துண்டுக்கு டிராவலர் என்று பெயர். வெட்டி எறிந்த நகம் போல வளைந்திருக்கும். தேய்ந்துபோனதும் கழற்றிப் போட்டுவிடுவார்கள். அவரிடம் அப்படி ஒரு டப்பா நிறைய இருந்தது. இரண்டு டிராவலர்களைக் கோத்து, ஒரு முனையை என் வளையத்திலும் மறுமுனையை அவருடைய விரலிலும் மாட்டினார். 1.4 மில்லிமீட்டர் வித்தியாசத்தை அந்தச் சிறு சங்கிலி தாங்கிக்கொண்டது. எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை என்பதே அப்போது குறையாக இருந்தது.

நான் எட்டுப் பெட்டிகளையும் அளந்து அட்டவணை போட்டேன். நீளம், எடை, சக்கரத்தின் அகலம், கொக்கியின் உயரம், எந்த வருடம் கைக்கு வந்தது. கொக்கி எந்தச் சக்கரத்தோடு சேர்ந்திருக்கிறது என்ற ஒரு பத்தியை மட்டும் போடவில்லை. விளக்கெரியும் பெட்டிக்கு மின்சாரம் சக்கரங்கள் வழியாக வருகிறது. என் கம்பெனிக்காரன் தன் இரும்புக் கொக்கியை இடது சக்கரத்தோடு தொடர்பு வைத்துச் செய்திருக்கிறான். அத்தானுடைய கம்பெனிக்காரன் வலது சக்கரத்தோடு. தனித்தனியே ஓடும்வரை இது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. இரண்டையும் இரும்பால் இணைத்தால், இரண்டு தண்டவாளங்களையும் ஒரு கம்பியால் தொட்டது போலத்தான், ஷார்ட் ஆகும். என் வளையத்தின்மேல் இருந்த கறுப்புப் பூச்சு தடுத்துக்கொண்டிருந்தது. வளைவில் டிராவலர் உராயும் இடத்தில் மட்டும் அது தேய ஆரம்பித்தது. இதெல்லாம் எனக்கு மார்ச்சில்தான் தெரிந்தது.

22ஆம் தேதி மாலை கட்-அவுட் விழுந்தபோது, தண்டவாளம் அழுக்கு என்று அத்தான் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். கட்-அவுட் என்பது டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள சிவப்புப் பொத்தான்; அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் தானாக வெளியே குதித்து ஓட்டத்தை நிறுத்தும். அதை அமுக்கிவிட்டு மறுபடி ஓட்டினோம். இரண்டாவது முறையும் குதித்தது. நான் நோட்டை எடுத்து எழுதினேன். எழுதிவிட்டால் கவனித்தாகிவிட்டது என்று ஒரு திருப்தி வரும். அதோடு விட்டேன்.

மறுநாள் திங்கள், பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இல்லை. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது பதினொன்றே கால். அத்தான் குடிலுக்குப் பஞ்சு பரப்பி முடித்திருந்தார். ராஜபாளையத்தில் பெத்லகேமுக்குப் பனி பெய்வது மில் பஞ்சால்தான். கழிவுப் பஞ்சு, ஊதினால் பறக்கும் மெல்லிய இழை. தண்டவாளத்தின் கட்டைகள் வரை பரப்பியிருந்தார். மேலே வைக்கோல் கூரை, மலைக்குப் பதில் சுருக்கிய காகிதம்.

சாயங்காலம் வரை பொறுத்திருக்கலாம். மின்சாரம் ஐந்து மணிக்கு வந்திருக்கும். அத்தான் பைக்கின் பாட்டரியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். அதுவும் பன்னிரண்டு வோல்ட், இதுவும் பன்னிரண்டு வோல்ட் என்றார். சரிதான் என்றேன். டிரான்ஸ்ஃபார்மரை விலக்கியபோது அதன் கட்-அவுட்டும் விலகியது என்பது இருவர் மண்டையிலும் ஏறவில்லை. எட்டுப் பெட்டியின் பாரத்தில் எஞ்சின் நிதானமாக ஓடியது. ஜன்னல்களைச் சாத்திவிட்டு அக்காவைக் கூப்பிட்டோம். ஆறு சுற்று எண்ணினேன். அக்கா ஒவ்வொரு சுற்றிலும் டிராவலர் மாட்டிய இடம் தன் முன்னால் வரும்போது மட்டும் குனிந்து பார்த்தாள்.

மணி ஒன்று இருக்கும். எங்களைச் சாப்பிட அனுப்பினாள்.

“ஓடட்டும், நிப்பாட்டாதீய. நான் செத்த நேரம் பாத்துக்கிட்டிருக்கேன்.”

அடுக்களை பின்கட்டில். கருவாட்டுக் குழம்பு. இரண்டு பேரும் கீழே உட்கார்ந்து பாதிச் சோறு சாப்பிட்டிருப்போம், ரயிலின் சத்தம் நின்றது.

“விழுந்துட்டு. உன் பொட்டிதான்” என்றார் அத்தான்.

“வளைவுல உங்க பொட்டிதான் ஆடிச்சு.”

“போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு.”

“விழுந்தவன்ல போணும்.”

அவர் சிரித்துக்கொண்டு இன்னொரு வாய் எடுத்தார். நானும் எடுத்தேன். அதன்பிறகுதான் அக்காவின் குரல் கேட்டது. சத்தம் நின்றதற்கும் குரல் கேட்டதற்கும் இடையே எவ்வளவு நேரம் என்று பின்னால் பலரும் கேட்டார்கள். நோட்டில் நேரம் இல்லை. ஒரு வாய்ச் சோறு, அல்லது இரண்டு.

நாங்கள் போனபோது கூரை எரிந்துகொண்டிருந்தது. பஞ்சு எல்லாம் ஏற்கெனவே எரிந்து முடிந்துவிட்டது. பஞ்சுக்கு அதிக நேரம் தேவைப்படாது. அக்கா சூசையப்பர் சுரூபத்தை இடது கையில் எடுத்து நெஞ்சோடு பிடித்திருந்தாள். மாதா சுரூபத்துக்குக் கை நீட்டியபோது சேலை பிடித்திருக்க வேண்டும். வீட்டில் உடுத்தும் நைலக்ஸ் சேலை. அத்தான் வெறுங்கையால் அதைப் பிய்த்து எடுத்தார். நான் ஜமக்காளத்தைத் தேடி எடுத்துவந்து போர்த்தினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ராஜபாளையத்தில் முதலுதவி முடிந்து மதுரைக்கு அனுப்பினார்கள். அத்தானின் கைகளுக்கு வேறொரு பகுதியில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அக்காவின் ஆதார் அட்டையும் மாற்றுத் துணியும் எடுக்க ராஜபாளையம் திரும்பினேன். அன்று மாலை அவள் பக்கத்தில் நாங்கள் இருவருமே இல்லை. மறுநாள் முதல் அவளால் பேச முடியவில்லை. பதினேழு நாள் இருந்தாள். ஜனவரி 9, வியாழன், அதிகாலை 4.40. மறுநாள் ராஜபாளையம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

அத்தான் மார்ச் 25, செவ்வாய்க்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். தவக்காலத்தின் மூன்றாவது வாரம். இரண்டு மாதத்தில் அவர் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். கையில் மில்லுக்குக் கொண்டுபோகும் பழைய டிபன் பாக்ஸ். திறந்து மேஜைமேல் வைத்தார். என் பெட்டி ஒன்று, அவர் பெட்டி ஒன்று. அவருடையதில் பிளாஸ்டிக் எல்லாம் உருகிக் கட்டியாகிவிட்டது. நடுவில் டிராவலர் இரண்டும் கறுத்து ஒன்றோடொன்று பற்றியிருந்தன.

“நீ தேதி போட்டு எழுதுறவன். பாத்துச் சொல்லு மாப்ள. தீ எங்கருந்து?”

எதற்கு இப்போது என்றேன்.

“நான் பூசையில நன்மை அப்பம் வாங்கி மூணு மாசம் ஆவுது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போயி முழங்கால் போட்டுட்டு எந்திச்சு வந்துட்டேன். என்னன்னு சொல்ல? நான் கொன்னேன்னா, இல்ல தானா வந்ததுன்னா? தெரியாத பாவத்த எப்படிச் சொல்லுதது? பாஸ்காவுக்குள்ள எனக்குத் தெரியணும்.”

நான் மல்ட்டிமீட்டரை எடுத்தேன். என் பெட்டியின் வளையத்தையும் இடது சக்கரத்தையும் தொட்டதும், மின்தொடர்பு உண்டு என்று கருவி கூவியது. வலது சக்கரத்துக்குக் கூவவில்லை. அவர் பெட்டி உருகியதால் அதில் ஒன்றும் தெரியவில்லை. தீயில் மாட்டாத அதே தயாரிப்புப் பெட்டி ஒன்று ராஜபாளையத்தில் இருந்தது. அன்றே இருவரும் பஸ் ஏறிப்போய் அதையும் பார்த்தோம். வலது சக்கரம். முதல் நாள் கட்-அவுட் விழுந்ததற்குக் காரணம் அதுதான். பாட்டரிக்குக் கட்-அவுட் இல்லை. டிராவலர் பழுத்துப் பொறி பறந்திருக்கும், கீழே பஞ்சு.

அதை அவருக்கு விளக்கினேன். கட்டுப் பிரித்து இன்னும் தோல் சரியாக மூடாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“அப்ப டிராவலர் போட்டது நான். பாட்டரி வச்சது நான்.”

“அட்டவணை போட்டது நான், அத்தான். கட்-அவுட் விழுந்தத எழுதி வச்சது நான். ரயில் சத்தம் நின்னப்ப எந்திக்காதது நானும் நீங்களும்.”

தலையை ஆட்டினார். முகத்தில் கிட்டத்தட்ட ஒரு நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை சாமியாரிடம் போவதாகச் சொன்னார். அத்தோடு நான் விட்டிருக்க வேண்டும்.

என் பையில் ஒரு நகல் இருந்தது. தீக்காயத்தோடு வருகிறவர்களிடம், நினைவு இருக்கும்போதே, மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் வாங்குவார். உறவினர் யாரும் பக்கத்தில் இருக்கக்கூடாது. அதற்கு நகல் கேட்டு நான் மனுப் போட்டு, மார்ச் 12 அன்று கிடைத்திருந்தது. பதின்மூன்று நாளாக அதை அவரிடம் காட்டவில்லை. ஆனால் அவர் ஒரு சாமியாரிடம் ஒன்றைச் சொல்லப்போகிறார், ஆவணத்தில் வேறொன்று இருக்கிறது என்ற நிலையை என்னால் தாங்க முடியவில்லை. இது நேர்மை என்று அப்போது நினைத்தேன். இப்போது அது என் தொழில் பழக்கம் என்று தோன்றுகிறது.

வாசித்துக் காட்டினேன். கரண்ட் இல்லாததால் குடிலுக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றியதாகவும், தன் முந்தானை பட்டு அது பஞ்சில் சாய்ந்ததாகவும், வீட்டுக்காரரும் தம்பியும் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்ததாகவும், யார்மேலும் குற்றமில்லை என்றும் அக்கா சொல்லியிருந்தாள். ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தொடங்கிய நேரம் மாலை 6.10. முடித்த நேரம் 6.25. கையில் கட்டு இருந்ததால் கால் பெருவிரல் ரேகை.

அத்தான் காகிதத்தை வாங்கித் தானே ஒருமுறை படித்தார்.

“இவ மெழுகுதிரி ஏத்தல மாப்ள. பாலன் வைக்கதுக்கு முன்னால குடில்ல திரி ஏத்தப்படாதுன்னு என்னையவே வெரட்டுவா. கல்யாணமான மொத வருசத்துலருந்து அப்படித்தான்.”

எனக்கும் அது தெரியும். இருபத்து நான்காம் தேதி இரவுப் பூசை முடிந்து குழந்தை சுரூபத்தை வைத்த பிறகுதான் அந்த வீட்டில் குடிலுக்கு மெழுகுவர்த்தி.

“நமக்காகப் பொய் சொல்லிருக்கா” என்றேன்.

“நமக்காகன்னா பொய் இல்லன்னு ஆயிருமா?” காகிதத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார். “செத்தவ வாயில பொய்ய வச்சுக்கிட்டுப் போயிருக்கா. நான் போயி டிராவலரச் சொன்னா, அவ பொய் சொன்னான்னு நானே சொன்ன மாதிரி. சொல்லலன்னா என் பாவம் அப்படியே கெடக்கு.”

சாமியார் யாரிடமும் சொல்லமாட்டார் என்றேன்.

“சாமியார் சொல்லமாட்டாரு. கேக்கவேண்டியவரு கேப்பாருல்லா.”

பிறகு அவருக்கு ஒன்று நினைவு வந்தது. மதுரையில் மறுநாள் காலை ஒரு நர்ஸ், முந்தின நாள் சாயங்காலம் ஒரு ஃபாதர் வந்து அக்காவுக்கு அவஸ்தை கொடுத்துவிட்டுப் போனார் என்று சொல்லியிருக்கிறார். சாகப்போகிறவர்களுக்கு எண்ணெய் பூசுவதும், அதற்குமுன் அவர்களிடம் பாவசங்கீர்த்தனம் கேட்பதும். எண்ணெயின் மினுமினுப்பு நெற்றியில் இருந்ததை அத்தானும் பார்த்திருந்தார்.

“எத்தன மணிக்கி?” என்றார். நகலில் நேரம் எழுதிய இடத்தில் விரலை வைத்தார்.

“ஆறு இருபத்தஞ்சுக்குப் பொறவு வந்திருந்தா, இதையும் சொல்லித் தீத்திருப்பா. அவ ஒண்ணையும் மறைக்கமாட்டா. ஆறு பத்துக்கு முன்னாலயே வந்துட்டுப் போயிருந்தா, அந்தப் பொய்யோடயே போயிருக்கா.” நகலை மடித்து என் பக்கம் தள்ளினார். “நேரத்தக் கண்டுபிடிச்சுக் குடு. உனக்கு அதானே வேல.”

அவர் அந்த ஞாயிறு சாமியாரிடம் போகவில்லை. ஏப்ரல் 18, பெரிய வெள்ளி, சிலுவையை முத்தமிடும் வரிசையில் நின்று, முறை வருவதற்குள் விலகிவிட்டார். 20ஆம் தேதி பாஸ்கா, ஈஸ்டர் ஞாயிறு. நன்மை வாங்க எல்லோரும் எழுந்தபோது அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

நான் தேடியதை வரிசையாக எழுதுகிறேன். ஏப்ரல் 3, மருத்துவமனை. வந்துபோகும் குருக்களுக்குப் பதிவேடு கிடையாது. அந்த நர்ஸ் வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார்; போனில் பேசினேன். சாயங்காலம் என்பது நினைவிருக்கிறது, விளக்குப் போட்டிருந்தது என்பதும் நினைவிருக்கிறது, மணி நினைவில்லை. தீக்காயப் பிரிவில் பகலிலும் விளக்கு எரியும். ஏப்ரல் 29, அந்தப் பகுதியின் பங்குக் கோயிலுக்குக் கடிதம். மே 16, பதில்: அன்று இரண்டு குருக்கள் முறைவைத்து மருத்துவமனைகளுக்குப் போயிருக்கிறார்கள். ஒருவர் அந்தப் பிரிவுக்குப் போகவில்லை என்று உறுதியாகச் சொல்கிறார். மற்றவர் மேல்படிப்புக்காக வெளிநாடு சென்றிருக்கிறார். அவருடைய முகவரிக்கு மே 19, ஜூலை 2 ஆகிய தேதிகளில் இரண்டு கடிதம் போட்டேன். அக்கா அவரிடம் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை, அதைக் கேட்கக்கூடாது. எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். பதில் இல்லை.

அத்தான் ஞாயிறுதோறும் பூசைக்குப் போகிறார். கேட்பது வாரத்துக்கு ஒருமுறை, போனில், ஒரே வார்த்தை: “வந்துச்சா?”

டிசம்பர் 23 மாலை 6.10க்கு முன்னால் அந்தக் குரு வந்தாரா, 6.25க்குப் பின்னால் வந்தாரா என்பது, இதை எழுதும் இன்றைய தேதிவரை, சரிபார்க்கப்படவில்லை.